பதினெட்டாயிரம் மெயிலில் ஒண்ணு

ஏங்க,
மேலூர் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு ஊத்திக்கங்க. வெளிய போனா சாவிய முனியாயி அக்காகிட்ட குடுத்துருங்க.

“என் மெயிலையெல்லாம் அழிச்சிட்டியே”ன்னு நேத்து செல்லூருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. ஒண்ணையும் அழிக்கல, மகாராசா. பதினெட்டாயிரத்தையும் இன்பாக்ஸ்லயே குமிச்சு வச்சா கம்ப்யூட்டர் திணறத்தானே செய்யும்? வருசவாரியா ஃபோல்டர் போட்டுப் பிரிச்சிருக்கேன். இப்பத் தட்டுனதும் திறக்குது. நன்றியெல்லாம் வேணாம், கத்தாம இருந்தாப் போதும்.

நாகமணி

பி.கு: போன வருசம் கோவிச்சுக்கிட்டு அவனியாபுரத்துல அம்மா வீட்ல இருந்தப்ப, “வந்து கூட்டிட்டுப் போங்க”ன்னு நான் அனுப்புன மெயிலு இன்னும் திறக்காமயே கிடக்கு. அதப் படிச்சுட்டுத்தான் வந்தீங்கன்னு இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன். கூப்பிடாமத்தான் வந்தீங்களா?

சாயந்தரம் சீக்கிரம் வாரேன்.