நான்கு சாக்ஸபோனும் சித்தியின் ஒப்பாரியும்

திருவண்ணாமலை

தம்பி மாறனுக்கு,

அக்கா அறிவுமதி எழுதுவது. நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

பெர்லினிலிருந்து நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டோம். நான்கு சாக்ஸபோன், ஜாஸும் கர்நாடக இசையும் கலந்து. எனக்கு இதிலெல்லாம் ஞானம் கம்மி. அப்பாதான் படுத்த படுக்கையிலும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவ்வளவு பெருமை அவருக்கு. கடைசிப் பாட்டில் ஆராயி சித்தியின் குரல் வந்ததும் யாரு செத்துட்டாங்கன்னு என்னைக் கேட்டார். நான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

அம்மாவைக் கிடத்தியிருந்தபோது நீ போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். யாருக்கோ தகவல் சொல்கிறாய் என்று நினைத்தேன். சித்தி தன் அக்காவுக்காக மாரடித்து அழுததைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறாய். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். நீ அதை மேடைமேடையாக வாசிக்கிறாய்.

சித்தி ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் பாத்திரம் கழுவுவது உனக்குத் தெரியும். அங்கேயும் அதைப் போட்டிருக்கிறார்கள். இது எங்க அக்கா சாவுக்கு நான் அழுததும்மா என்று சித்தி சொல்லியிருக்கிறாள். கடைக்காரிக்கு ஒரே சந்தோஷம். எல்லோரையும் கூப்பிட்டு, இவளைக் காட்டி, மறுபடியும் போட்டாளாம். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்களாம். என்ன செய்வதென்று தெரியாமல் ஈரக் கையோடு கும்பிட்டுவிட்டு வந்தாள் சித்தி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இறந்துவிட்டார். காரியமும் முடிந்துவிட்டது.

நம் தெருவில் சித்தி எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்கள் கூடச் சேர்ந்து அழுவார்கள். அன்று அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்கள் கையிலிருந்த போன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வாயைத் திறக்கவில்லை. அவள் அழாததால் யாரும் அழவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அனாதைப் பிணத்துக்குக்கூட இதைவிட நன்றாக நடந்திருக்கும்.

நீ வைக்கவேண்டிய கொள்ளியைப் பெரியப்பா மகன் கோபி வைத்தான். உனக்குச் சொல்லலாம் என்று அவன் இரண்டு தடவை போனை எடுத்தான். பிடுங்கி வைத்தது நான்தான். வேண்டுமென்றேதான் செய்தேன். போனில் சொன்னால் என் அழுகை உன் காதில் விழும். அதையும் எடுத்துக்கொண்டு போவாய். காகிதத்தில் உனக்கு ஒன்றும் கேட்காது.

இனிமேல் அவசரப்பட்டு வர வேண்டாம். நீ வந்தால் சித்தி பேசக்கூட மாட்டாள்.

உன் ஆல்பம் நன்றாக ஓடட்டும். அடுத்த முறை அந்தப் பாட்டை வாசிக்கும்போது அப்பாவையும் நினைத்துக்கொள். அவருக்கென்று வேறு ஒப்பாரி இல்லை.

நீண்ட நாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
பலராமன் மகள்
அறிவுமதி