கப்பல் வெங்காயத்துக்கு நான் ஊற்றிய தண்ணீர்

லாத்தா,

இன்று காலையில் மருமகள் கவரைப்பேட்டை ரோட்டோர நர்சரியிலிருந்து ஒரு செடியை வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், பாதிக்கு மேல் வெளியே தெரிய ஒரு பச்சைக் கிழங்கு வழுவழுவென்று உட்கார்ந்திருந்தது. உச்சியில் நீள நீளமாக நாலைந்து இலைகள், நுனி காய்ந்து சுருண்டிருந்தன. "அத்தே, இது ஆப்பிரிக்கா செடியாம். மருந்துக்குப் போடறதாம். இப்பதான் புதுசா வந்திருக்குதாம்" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். நான் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். பச்சை வெங்காயத்தையும் ஈரப்புல்லையும் சேர்த்து நசுக்கினால் வருமே, அதே வாசனை. "இத நான் சின்ன வயசுல, அம்பதுகள்லயே வளத்திருக்கேன். வளத்து சாவடிச்சும் இருக்கேன்" என்றேன். கிழவி கதை விடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சொன்னால் நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம்ப ஆளில்லாததால் உனக்கே எழுதுகிறேன். எழுதினால் உன்னால் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் உனக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. ஓதுவதற்கு அரபு எழுத்து தெரியும், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான், கேட்கிறவள் நீ. நம் சிநேகமே அதில்தானே ஆரம்பித்தது.

பழவேற்காட்டில் உன் வீட்டுக்கு நான் முதலில் வந்தது நெல் அவிக்க. வீட்டு மருமகளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், அடுத்த வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு நானும் "லாத்தா" என்றேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாமே, நான் உனக்கு அக்காவா? என் வயசு இன்னான்னு நெனச்சிக்கினு கீற?" என்று சண்டைக்கு வந்தாய். கணக்குப் பார்த்தால் நீ எனக்கு இரண்டு மாதம் இளையவள். ஆனாலும் வாயில் வந்த முறை வந்ததுதான். கடைசிவரை நீ எனக்கு லாத்தா, உனக்கு நான் "மே". எனக்கு ஒரு பேர் இருப்பதே உனக்கு மறந்துவிட்டதோ என்று நான் சந்தேகப்பட்டதுண்டு.

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவள் நான் என்று தெரிந்ததும் உன் முகம் மலர்ந்தது இருக்கிறதே! நீ மச்சான் என்று சொல்கிற உன் புருஷன் கப்பலில் சமையல்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு கடுதாசி வரும். அதை உன் கொழுந்தன் படிப்பார். அவர் படித்தால் பாதியைக் கூச்சத்தில் விழுங்கிவிடுவார், மீதிப் பாதியைக் கேட்க உனக்கு வெட்கம். அன்றிலிருந்து கடுதாசி வந்தால் நெல்லை அடுப்பில் விட்டுவிட்டு நான் ஓடிவருவேன். அடிப்பிடித்த நெல்லுக்காக உன் மாமியாரிடம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன்!

அந்தக் கிழங்கை உன் மச்சான் கொண்டுவந்தது உன் மகள் தவழ்கிற சமயம். டர்பன் துறைமுகத்தில் கொதிக்கிற கஞ்சி அவர் கையில் கொட்டிவிட்டதாம். அங்கே மூட்டை தூக்குகிற ஆப்பிரிக்கர் ஒருவர் தன் வீட்டிலிருந்து இந்தச் செடியின் இலையைக் கொண்டுவந்து, சாற்றைப் பிழிந்து நாலு நாள் தடவிவிட்டாராம். கப்பல் புறப்படும்போது ஒரு கிழங்கையே கையில் கொடுத்தாராம். டிரங்குப் பெட்டியில் கைலிக்குள் சுற்றி, ஒரு கடல் தாண்டி வந்த கிழங்கு அது. ஊரில் எல்லாரும் அதைக் கப்பல் வெங்காயம் என்றார்கள். கிழங்கின் தோலுக்கடியில் குட்டிக் கிழங்குகள் புடைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு உன் மாமியார் மட்டும் பிள்ளைத்தாச்சி என்று பேர் வைத்தார்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு அவர் எழுதிய கடுதாசியெல்லாம் செடியைப் பற்றித்தான். மண்ணில் புதைக்காதே, மேலே உட்கார வை. மணல் காய்ந்து இரண்டு நாள் ஆன பிறகு ஒரு குவளை போதும். மழைக்காலத்தில் உள்ளே எடுத்துவிடு. தோலை நீ உரிக்காதே, தானாக உரியும். இத்தனையும் எழுதிய பிறகு கடைசி வரியில், நீயும் குழந்தையும் சுகம்தானே என்று ஒரு கேள்வி. "பாரும்மே, பொண்டாட்டி கடைசியில, வெங்காயம் மொதல்ல" என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். திருப்பிக்கொண்டு, "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்பாய்.

அறுப்பில் என் கணுக்காலை அரிவாள் பதம் பார்த்ததே, அப்போது அந்தச் செடியில் இருந்ததே ஐந்து இலை. அதில் நல்ல இலையாகப் பார்த்து அறுத்து, சாற்றைப் பிழிந்து, உன் பழைய தாவணியைக் கிழித்துக் கட்டினாய்.

"எரியுதா?"

"எரியல, அரிக்குது லாத்தா."

"அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம். சொம்மா கெட."

புண் ஆறியது இலையாலா, அந்தப் பத்து நாள் நீ என்னை வயலுக்குப் போகவிடாமல் உட்காரவைத்து நாஷ்டா கொடுத்ததாலா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் புருஷன் தந்த இலையை எனக்காக அறுத்தவள் நீ. அன்றைக்கு என் மனசு உன்னோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்தப் புரட்டாசி வந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடுதாசி. அதைப் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் படித்துச் சொன்னார். காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே ஒரு துறைமுகத்து ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார். வீடே அலறியது. நீ மட்டும் அழவில்லை. வெள்ளைச் சேலை கட்டி உன்னை உள் அறையில் இத்தா உட்காரவைத்தார்கள், நாலு மாதம் பத்து நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வெளியே போகும்போது, "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல பாரேன், கல்லு மனசு" என்று பேசிக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டேன். அவர்களோடு சண்டைக்குப் போனேன். என்னிடம் நீ சொன்னது ஒன்றுதான்: "முகத்த பாக்கல, அடக்கின குழிய பாக்கல. எதப் பாத்து அழுவறது மே?"

மறுநாள் தொட்டியை என் கையில் கொடுத்தாய். "இது எதிர்ல இருந்தா எனக்கு ஓதல் ஓட மாட்டேங்குது. இத்தா முடியறவரைக்கும் உன் ஊட்ல வெச்சிக்கோ. அவரு கப்பல்ல கொண்டாந்ததுல உசுரோட கீறது இது ஒண்ணுதான். பத்திரம்" என்றாய். நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிப் போவது போலத் தூக்கிக்கொண்டு போனேன்.

லாத்தா, அந்தக் கடுதாசிகளையெல்லாம் வாசித்தவளே நான்தான். ஒரு குவளை போதும் என்ற வரி எனக்கு மனப்பாடம். ஆனால் பிறந்ததிலிருந்து நாற்று நட்ட கை இது. நட்டால் சேறு, சேறென்றால் முழங்கால் தண்ணீர், அதைத் தவிர இந்தக் கைக்கு என்ன தெரியும்? காய்ந்த மணலில் அந்தக் கிழங்கைப் பார்க்கும்போதெல்லாம், புருஷனை இழந்தவள் செடி, தாகத்தில் கிடக்கிறதே என்று என் கை தண்ணீர்ப் பானைக்குப் போகும். முதலில் ஒரு கை தண்ணீர். அப்புறம் ஒரு குவளை. இலை மஞ்சளானதும், போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு சொம்பு. அதுவும் போதாமல் வயலில் இருந்து நல்ல களிமண் கொண்டுவந்து, கிழங்கைக் கழுத்துவரை புதைத்துவைத்தேன். அடைமழை வேறு. என் குடிசையில் ஒழுகாத இடம் எது?

ஐப்பசி முடிவதற்குள் ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. அந்த நாற்றம் மூன்று நாள் என் கையைவிட்டுப் போகவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து, என் வீட்டுக்காரர், யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார். அழுகியதைக் கழுவி, ஒவ்வொரு தோலாகப் பிரித்தேன். ஓரத்துத் தோலுக்கடியில் கொட்டைப்பாக்கை விடச் சின்னதாக மூன்று குட்டிகள் கெட்டியாக இருந்தன. தேங்காய்ச் சிரட்டையில் ஆற்று மணலைப் போட்டு, அவற்றை மேலே உட்காரவைத்து, அடுப்படியில் வைத்தேன். தண்ணீர்ச் சொம்பைத் தொடக்கூடாதென்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். இரண்டு காய்ந்துபோயின. ஒன்று மட்டும் தைக்குள் ஒரு முளை விட்டது, ஊசி மாதிரி. தாய்க் கிழங்கின் தோலை எறிய மனசு வரவில்லை. காயவைத்து ஒரு துணியில் முடிந்துவைத்தேன்.

நடுவே எத்தனை முறை உன் அறைக்கு வந்தேன்! நீயும் செடியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் முன்னால் உட்கார்ந்து உன் மகளுக்குப் பேன் பார்த்துவிட்டு, திருடி மாதிரி எழுந்து போவேன்.

இத்தா முடிந்த அன்று நீ குளித்து, வேறு சேலை மாற்றி, முதல் காரியமாக என்னைக் கூப்பிட்டனுப்பினாய். சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் யோசித்த பொய்யைச் சொன்னேன்.

"லாத்தா, ஆடு தின்னுட்சி. இது ஒண்ணுதான் மிச்சம்."

நீ சிரட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். நாலு மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்பு. "எங்க ஊட்டு ஆடு மூணும் இத மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினு போவும். உங்க தெரு ஆடு மட்டும் தின்னுட்சா? பொய் சொல்லக்கூட வரலியே மே உனக்கு!"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தண்ணீரையும் களிமண்ணையும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். நீ சிரட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாய்:

"பழசு எங்க?"

மடியில் இருந்த துணியை அவிழ்த்துக் காட்டினேன். காய்ந்து, வெங்காயச் சருகு மாதிரி நாலைந்து தோல். நீ அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாய். பிறகு உன் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மதியத் தொழுகைக்கு முன் ஆரம்பித்தவள், சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை அழுதாய். தோலை முகத்தில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அழுதாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மாமியார் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்: "நாலு மாசமா ஒரு சொட்டு கண்ணீர் விடாத புள்ளைய இப்டி அழ வெச்சிட்டியேடி பாவி!" நீ அவரைத் தடுக்கவில்லை. அழுகைக்கு நடுவில் என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

தோல்களைக் கொல்லையில் ஒரு குழி தோண்டி நீயே புதைத்தாய். அந்த ஒற்றைக் குட்டியை வளர்த்தாய். அதன் பிள்ளைகளும் பேரன்களும் ஊரில் எத்தனை வீட்டுக்குப் போயின! எனக்கு மட்டும் நீ ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. "உனக்கு நெல்லுதான் லாயக்கு" என்று சொல்லியே அறுபது வருஷம் ஓட்டிவிட்டாய், கல்நெஞ்சக்காரி.

போன வருஷம் நீ போனதாகத் தகவல் வந்ததும் மகனோடு காரில் வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். வீடு நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. உன் மகள், அவளே இப்போது நரைத்துவிட்டாள், என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அங்கிருந்த பிள்ளைகளிடம் காட்டிச் சொன்னாள்: "இந்தச் சாச்சிதான் எங்க உம்மாவ அழ வெச்சவங்க. இவங்க அழ வெக்கலைன்னா நான் அன்னைக்கே செத்திருப்பேன்னு உம்மா எங்கிட்ட சொல்லிக்கினே இருக்கும்."

என்னிடம் ஒரு நாளாவது நீ அதைச் சொன்னாயா? அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன், லாத்தா. உன்னை அழ வைத்த பாவி என்று உன் மாமியார் எனக்கு வைத்த பேர் அப்படியே என்னிடம் இருக்கிறது. சாகும்வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.