அந்தக் கட்டடம் மட்டும் வேண்டாம்

அன்புள்ள சிட்டு,

தெரிந்தவர்கள் நடுவில் இருந்துகொண்டு குடியை விடுவது சுலபமா, தெரியாத ஊருக்குப் போய் விடுவது சுலபமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் பதில் இருக்கும் என்று நீ தேடிக்கொண்டு போகக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் உன் பதிலில் அதை முதல் வரியாக எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வரி எழுத முடியவில்லை, அதனால்தான் போனை எடுக்காமல் காகிதத்தை எடுத்தேன். போனில் பேசினால் அவர் பக்கத்து அறையிலிருந்து, 'எம் பொண்ணுகிட்ட என்னடி வத்தி வைக்கிற' என்பார், நீ சிரித்துவிடுவாய், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். உன் அப்பாவுக்கு எல்லோரையும் சிரிக்க வைக்கத் தெரியும், நம் வீட்டில் இத்தனை வருஷமாக எதையும் பேசி முடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒல்லி மாமா வந்தார். லிஃப்ட் கம்பெனியில் அப்பாவோடு ஜோடியாக வேலைக்குப் போகிறவர், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார். அவர் மனைவி தெருவில் ஸ்கூட்டரில் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. லிஃப்ட் இறங்கி நிற்கும் குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன், மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு பூட்டைப் போட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, அவரவர் சாவி அவரவர் பையில். இவர்கள் இரண்டு பேரும் பல வருஷமாக ஒரே பூட்டுத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இரண்டாவது பூட்டு போடுவது நம்பிக்கையில்லாத மாதிரி இருந்ததாம். சாவி அப்பாவிடம். முந்தின நாள் மதியம் வெளியே போய்விட்டு வந்த அப்பா, கீழே ஆள் இருப்பதையே மறந்து, பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டார். லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. குழிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குமாம், அது மாமாவின் கைக்கு எட்டியது. எட்டியதால்தான் அவர் நம் வாசலில் நின்று பேசினார். 'அக்கா, நான் ஆபீஸ்ல சொல்லல. சொன்னா மச்சானுக்கு வேலை போயிடும். ஆனா இப்படியே என்னால கூட வேலைக்குப் போக முடியாது. வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த மாசம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கேன், அதுக்கு மேல முடியாது, எனக்கும் புள்ளைங்க இருக்கு' என்றார். உள்ளே பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அப்பா, 'ஒரு பட்டனை அமுக்குனதுக்கு இவ்ளோ சீனாடா மாப்ள' என்றார். அப்பா சொன்னதற்கு ஒல்லி மாமா சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். உள்ளூரில் ஒரு மருத்துவர் இருக்கிறார், உன்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம், சிரிக்காத பெண், அதனாலேயே எனக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. நான் மட்டும் போய் விசாரித்தேன். அங்கே சேர்த்துக்கொண்டு படுக்க வைப்பதில்லை, வீட்டிலிருந்து போய்விட்டு வர வேண்டும். முதலில் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மாத்திரை, முதல் வாரம் தினமும் வர வேண்டும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். அவராகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னாள். உடம்பு தூக்கிப் போட்டாலோ, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலோ தன்னைக்கூடக் கேட்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். எல்லாம் சரி. ஆனால் அவள் இருப்பது நகல் கடைக்கு எதிரே இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டை அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். வாட்ச்மேன், முதல் மாடிப் பல் டாக்டர், இரண்டாம் மாடி வரி ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட் சார்'. அங்கே அவர் போனாலே வேலைக்கு வந்தவர் என்றுதான் எல்லோரும் வழிவிடுவார்கள். 'எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, கழுத்துல கயித்தைக் கட்டி இழுத்துட்டுக்கூடப் போ, அந்தக் கட்டடம் மட்டும் வேணாம்' என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்காமல் பேசுகிறார்.

இன்னொரு வைத்திய நிலையம் பெரிய மாமா இருக்கும் நகரத்தில், ரயிலில் அரை நாள் பயணம். காலையில் குழுவாக உட்கார வைத்துப் பேசுவார்கள், மதியம் மருந்து, மாலையில் வெளியே விட்டுவிடுவார்கள். ஒன்றரை மாதம் அந்த நகரத்திலேயே தங்க வேண்டும். என்னால் ஒரு வாரம்தான் அவரோடு இருக்க முடியும், மழை பிடித்துவிட்டால் எங்கள் லேபில் சோதிக்க வேண்டிய தண்ணீர் மாதிரிகள் குவிந்துவிடும், அதற்கு மேல் விடமாட்டார்கள். பிறகு மாமா வீடுதான். போனில் கேட்டேன். மாமா உற்சாகமாக, 'இங்க அனுப்பு, நான் பாத்துக்கறேன். நானும்தான் சாயங்காலமானா ஒரு வாய் போடறேன், கெட்டா போயிட்டேன்? அளவா குடிக்கிறது எப்படின்னு மாப்பிள்ளைக்குக் கத்துக் குடுக்கறேன்' என்றார். அத்தை போனைப் பிடுங்கி, 'உங்க அண்ணனோட அளவு எங்க வீட்டு அண்டா அளவும்மா, இவரை நம்பி அனுப்பாதே' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு, அந்த நகரத்தில் சாயங்காலம் அவர் போய் உட்காரக்கூடிய வேறு ஒரு வீடு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை.

நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் படித்தேன். பழைய கூட்டாளிகளை விட்டு விலகி இருக்கலாம், மனம் மாறும், வெளியூர்தான் நல்லது என்று பாதிக் கட்டுரைகள் சொல்கின்றன, எழுதியவர்கள் வெளியூர் ஆட்களைத் தங்க வைத்துச் சிகிச்சை கொடுக்கும் நிலையங்கள். குடும்பம் பக்கத்தில் இருப்பதுதான் பலம் என்று மீதிப் பாதி சொல்கின்றன, எழுதியவர்கள் உள்ளூர் நிலையங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் குழாய் விற்கிறவனே எடுத்து அனுப்பிய தண்ணீரை நாங்கள் சோதிப்பதில்லை. அப்பா முன்பு ஒரு தடவை வெளியூரில் இருந்துவிட்டு வந்தாரே, நீ பள்ளிக்கூடம் முடிக்கும் வருஷம். முகம் தெளிந்து, கைநடுக்கம் போய், கூட்டிப் பெருக்கக்கூடச் செய்தார். அங்கே இருந்தவரை நன்றாகவே இருந்தார், கெட்டது இங்கே வந்து இறங்கிய பிறகுதான். பழைய தெரு, பழைய பஸ் ஸ்டாப், வேலை முடிந்து வரும் வழியில் பழைய கடை. ஒரே ஒரு பாட்டிலைச் சோதித்துவிட்டு ஒரு ஏரியைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன், ஆகவே இதையும் ஆதாரமாக வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிரிக்காத பெண் ஒன்று சொன்னாள், 'எங்க வேணா ஆரம்பிங்கம்மா, முடிக்கிறது உங்க வீட்டுலதான். அவர் குடிக்கிற ஊர்லதான் குடிக்காம இருக்கப் பழகணும்.' அவளும் உள்ளூர் டாக்டர்தான், அவளும் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் இத்தனை நாளில் எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான்.

அதனால் நாளைக் காலை உள்ளூரில் நேரம் வாங்கியிருக்கிறேன். நான் முடிவு செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே, வேறு வழி தெரியாதபோது பக்கத்தில் இருக்கும் கதவைத் தட்டுவதற்குப் பெயர் முடிவு இல்லை. அப்பாவிடம் சொன்னேன். ஜன்னல் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்துவிட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். 'லிஃப்டுக்கே மாசாமாசம் சர்வீஸ் பண்றேன், எனக்கு ஒரு சர்வீஸ் பண்ணிக்க மாட்டேனா' என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது சிரித்திருக்கலாமோ என்று தோன்றியது. இந்தத் தடவை சரியாகிவிடும் என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை, நினைக்காததை உனக்கு எழுதிப் பழக்கமில்லை. போகாமல் இருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. நீ வந்தால் அவர் உன் எதிரில் சில நாள் நன்றாக இருப்பார், பிறகு இருக்க மாட்டார், அதற்குப் பிறகு காரணத்தை நீ உன்னிடமே தேடுவாய். நானும் அந்தத் தேடலில் கொஞ்ச வருஷம் இருந்தவள், அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் மாலை முழுக்க நிற்கிறாய், கால் வீங்குகிறது என்கிறாய், ஆனாலும் அந்தக் கூர்மையான செருப்பைத்தான் போடுகிறாய், புகைப்படத்தில் பார்த்தேன். தட்டையாக ஒன்று வாங்கு. அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் துணியைக் காயப் போடாதே. கூடத் தங்கியிருக்கும் பெண்ணிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டாய், சொல். நான் யாரிடமும் சொல்லாமல் இருந்து பார்த்தவள், அதனால் ஒரு லாபமும் வரவில்லை. மேல்வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தாள், அப்பாவை விசாரிக்கவில்லை, ஆக அவளுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்தது உனக்கு நடக்கட்டும், நாங்கள் உன்னைப் பற்றி நினைத்ததைவிட நன்றாகவே நடக்கட்டும். வங்கியில் முகவரியை மாற்றச் சொன்னேன், இந்த வாரமாவது மாற்று.

என்றும் உன் நலத்தை எண்ணும்
அம்மா

வியாழன் மாலை. காலையில் தபாலில் போட நேரமில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அப்பா எனக்கு முன்பே குளித்து, சவரம் செய்து, அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். குடித்திருக்கவில்லை, கை நடுங்கியது, சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன். பின்பக்கப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது, முன்வாசல் வழியாகத்தான் போனோம். வாட்ச்மேன் பார்த்ததும் ஓடி வந்தார். 'வாங்க சார், நல்லவேளை வந்தீங்க, காலைலேர்ந்து லிஃப்ட் நிக்குது, பெரியவங்கள்லாம் படி ஏறி மூச்சு வாங்குறாங்க, ஆபீசுக்குப் போன் போட்டா ஆள் வருது வருதுங்கறாங்க' என்றார். அப்பா என்னைப் பார்த்தார். இன்று வேலைக்கு வரவில்லை என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது என்று நினைத்தேன். 'நீ போய் உக்காரு, பத்து நிமிஷம், பாத்துட்டு வந்துடறேன்' என்றார். வாட்ச்மேன் மெஷின் ரூம் சாவியைக் கொடுத்தார், அப்பா இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனார்.

நான் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது, காத்திருந்தவர்களில் ஒருவர் அப்பாடா என்றார். அதன் பிறகு கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். மூட்டு வலிக்காரர் ஒருவர் வந்தார், தன் மகனைக் கையைப் பிடித்து ஒரு அம்மா கூட்டிவந்தாள். அப்பா வரவில்லை. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து இதோ வந்துவிடுவார் என்றேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். டாக்டர் தானே வெளியே வந்து பார்த்துவிட்டு, 'நீங்க உள்ள வாங்க' என்றாள். என்னத்துக்கு என்று கேட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு நேரம் உண்டாம், அவர் வந்தாலும் வராவிட்டாலும். நான் என்ன பேசினேன் என்பது நினைவில் சரியாக இல்லை, தண்ணீர் கேட்டுக் குடித்தது நினைவிருக்கிறது. அடுத்த வியாழன் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள், அவருக்கும் அதே நாளில் பக்கத்து நேரத்தைக் காலியாக வைத்திருக்கிறாள். கீழே வந்து கேட்டபோது வாட்ச்மேன், 'சார் முடிச்சுட்டு அப்பவே கிளம்பிட்டாரேம்மா, டீ சொல்றேன்னேன், அதுக்குக்கூட நிக்கல' என்றார்.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கே போயிருந்தார் என்று நான் கேட்கவில்லை, கதவைத் திறந்ததுமே தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'நீ லிஃப்ட்லதான இறங்கின? குலுக்கல் இல்லாம வந்துச்சா?' என்று கேட்டார். இல்லாமல்தான் வந்தது என்றேன்.