உங்கள் தம்பியின் மணிக்கட்டு

மயிலாப்பூர்,
15-12-1996

அன்புள்ள ஹம்சா அக்காவுக்கு,

நீரஜாவின் நமஸ்காரம். நானும் ஸஹானாவும் சௌக்கியம். நாக்பூர் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்திம்பேரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. விவாகரத்தாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பொம்மனாட்டி கோர்ட்டில் நின்று பழைய புருஷனைக் கேள்வி கேட்பது குடும்பத்துக்கு அழகா, கேஸை வாபஸ் வாங்கு என்று எழுதியிருந்தீர்கள். வாங்க முடியாது அக்கா. வெள்ளிக்கிழமை உத்தரவே ஆகிவிட்டது. ஸஹானாவுக்கு இனி மாதம் ஆயிரத்து இருநூறு. உங்கள் தம்பி கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

விவாகரத்தானபோது ஸஹானாவுக்கு மூன்று வயது. மாதம் முன்னூறு என்று எழுதினார்கள். எனக்கென்று நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதே முன்னூறுதான் வருகிறது, அதுவும் வந்தால். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் ஓடிவிடும். பள்ளிக்கூடத்துக்குத்தான் இடிக்கும். ஆகஸ்டில் ஒரு நாள், ஃபீஸ் கட்டாதவர்கள் பெயரைக் காலைப் பிரேயரில் வாசித்திருக்கிறார்கள். எஸ். ஸஹானா. அன்று அவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். மிருதங்க வித்வானான அப்பா பெயரை சபா மேடையில் வாசிக்கிறார்கள், பெண் பெயரை இப்படி. மறுநாளே இன்ஸ்டிட்யூட் மிஷினில், தொகையைக் கூட்டித் தரக் கேட்டு நானே மனுவை டைப் அடித்தேன், மூன்று கார்பன் வைத்து.

வக்கீல் வைக்க என்னிடம் வழியில்லை. குடும்ப நீதிமன்றத்தில் அதற்கு ஜட்ஜின் அனுமதி வேறு வேண்டுமாம். உங்கள் தம்பி அனுமதி கேட்டார். ஒரு குழந்தையின் செலவு விஷயம்தானே, இரண்டு பேரும் நீங்களே பேசுங்கள் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். உங்கள் தம்பி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அவர் போட்ட பதில் மனுவைக் கேளுங்கள். வலது மணிக்கட்டில் நரம்புக் கோளாறாம். கச்சேரிகள் அடியோடு குறைந்துவிட்டனவாம். முன்னூறே பாரமாம். டாக்டர் சர்டிபிகேட்டும் இணைத்திருந்தார். மிருதங்க வித்வான் ஸ்ரீரங்கனுக்கு வருமானமில்லை என்பதை நான் எப்படிப் பொய்யென்று நிரூபிப்பேன்? கச்சேரிப் பணத்துக்கு ரசீது கிடையாதே. ராப்பகலாக உட்கார்ந்து மூன்று பக்கம் கேள்வி எழுதி வைத்தேன்.

போன மாதம் விசாரணை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஹைகோர்ட் வளாகத்து பெஞ்சில் என் பக்கத்தில் ரோஸி என்று ஒருத்தி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள், என் வயதுதான். இரண்டு குழந்தைகளுக்காக ஒன்றரை வருஷமாக நடக்கிறாள். என் காகிதங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, இத்தினி பேப்பரா? இத்த பாத்துப் படிச்சினு இருந்தா அவன் நழுவிப் பூடுவான். மூஞ்சியப் பாத்துக் கேளு. எத்தச் சொன்னா அவனுக்குப் பொத்துக்கினு வரும்னு பொண்டாட்டியா இருந்தவ உனுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும் அக்கா. கல்யாணமான புதிதில், பத்திரிகை விளம்பரத்தில் தன் பெயர் விட்டுப்போனதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். உங்களுக்கும் தெரியும்.

கூண்டில் அவர் ஏறி நின்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். கச்சேரிகள் குறைந்துவிட்டன என்கிறீர்களே, இப்போதெல்லாம் உங்களை, கற்றுக்குட்டிகள் பாடும் இலவச மத்தியானக் கச்சேரிகளுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், இல்லையா என்று கேட்டேன். அவர் கழுத்து சிவந்தது. சாயங்காலம் பெரிய வித்வான்களுக்கு வாசிக்க வேறு ஆள் கிடைக்காவிட்டால்தான் உங்கள் ஞாபகம் வருமாமே என்றேன்.

அவ்வளவுதான். "யார் சொன்னா? மத்தியானக் கச்சேரியா, நானா? இந்த சீசன்ல பதினெட்டு கச்சேரி, அத்தனையும் சாயங்காலம்! வேண்டாம்னு ரெண்டு சபாவைத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன், தெரியுமோ?" என்று கத்தினார்.

ஜட்ஜ் பேனாவை எடுத்தார். பதினெட்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாக, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக வருத்தப்படவில்லை.

மாதா மாதம் ஐந்நூறு நீங்களே அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும், ஆனால் அது வேண்டாம். அவள் உங்கள் தம்பியின் பெண். யாரோ இரக்கப்பட்டுத் தரும் பணத்தில் அவள் படிக்க வேண்டியதில்லை. குடும்ப மானம் பற்றி எழுதினீர்களே, பிரேயரில் அந்தப் பெயரை வாசித்தபோது அது எங்கே போயிருந்தது அக்கா? இன்னொரு தடவை வாசித்தால் இன்னொரு தடவை போவேன். இப்போது எனக்கு வழி தெரியும்.

உத்தரவான அன்று வராண்டாவில் என்னை நிறுத்தி, "இனிமே மிருதங்கத்தையே தொடமாட்டேன். அப்புறம் யார்கிட்ட வாங்கறேன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ஒரு சபாவுக்கு வரமுடியாது என்று சொல்லியனுப்பியதாகவும் கேள்வி. அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அவர் மதிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். போனில் கூப்பிட்டு, நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

நாளை மார்கழி பிறக்கிறது. இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் இங்கே பக்கத்து சபாவில் அவர் பெயர் போட்டிருக்கிறது. இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன், கடைசி வரிசை. ஸஹானா அவர் வாசித்துக் கேட்டதே இல்லை. "அப்பா நன்னா வாசிப்பாராம்மா?" என்று கேட்டாள். ரொம்ப நன்றாக வாசிப்பார் என்றேன். வேறு எதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் யோசித்திருப்பேன்.

ஒன்று மட்டும் நான் கோர்ட்டில் சொல்லவில்லை. பனி நாளில் அவர் வலது மணிக்கட்டு பிடித்துக்கொள்வது நிஜம்தான். நாலு வருஷம் நான்தான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெந்நீரில் ஒரு பிடி கல்லுப்பு போட வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

என்றும் உங்கள்,
நீரஜா