கரை நிறைந்திருந்த நாள்

பண்ணைப் பாலத்தில் வாகனம் ஏறியதும் சாதாளை மணம் வந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்தக் கடலடிப் புல்லைப் பிடுங்கிக் கரையில் குவித்திருந்தது. அது வெயிலில் அவிந்துகொண்டிருந்தது. சாரதி மூக்கைச் சுழித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றப் போனார். வேண்டாம் என்று என் கை தானாக நீண்டது. எத்தனையோ வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து, "கண்ணாடியை ஏத்தாதையும், உது எங்கடை வீட்டு மணம்" என்று சொன்னவர் நீர்தான்.

அன்று வீட்டுக்கு வந்து, தோழி, உமக்கு இதை எழுதத் தொடங்கினேன். உம்முடைய ஆட்கள் கத்தோலிக்கர், இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். எனக்கு இரண்டிலும் மனம் நிற்பதில்லை. அறிக்கை எழுதிச் சீவித்தவளுக்கு எழுதத்தான் வரும்.

நாங்கள் இருவரும் செய்த வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்த என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. பல நாடுகள் சேர்ந்து கடலைக் காக்கும் திட்டம். அதில் பூர்வகுடிகளோடும் உள்ளூர் மக்களோடும் கதைக்கிற பிரிவு எங்களுடையது. கடலில் ஒரு கோடு போட்டு, இதற்குள் வலை வைக்கக்கூடாது என்று சொல்லுமுன், அந்தக் கடலை நம்பி இருப்பவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். "உரும்பிராய்த் தோட்டக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று அம்மா சிரிப்பார். எனக்கு ஆங்கிலம் தெரியும், அவ்வளவுதான். கடல் உமக்குத் தெரியும். குருநகரில் பிறந்து, அப்பாவின் வலைக்குள் தவழ்ந்து வளர்ந்தவர் நீர். விண்ணப்பத்தில் "பூர்வகுடி" என்ற சொல்லைக் கண்டால் உமக்குச் சிரிப்புத் தாங்காது. "எங்கடை சனமோ? போர்த்துக்கேயன் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தின குடி எண்டு எழுதும்" என்பீர்.

பகிடி பகிடிதான். ஆனால் ஊரில் வாக்குக் கொடுத்திருந்தீர். கோவில் வளவில் எல்லாரையும் கூட்டி, "உங்களைக் கேக்காமல் கோடு போட விடமாட்டன்" என்று சொன்னீர். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த வாக்குத்தான் பிறகு உம்மை இருக்கவிடவில்லை.

சம்மதம் கேட்கத் திட்டத்தின் தூதுக்குழு வந்த காலையில் கோவிலில் துக்க மணி அடித்தது. பங்கில் ஒரு கிழவர் இரவு இறந்துவிட்டார். நாங்கள் போனபோது கரை முழுக்க ஆட்கள். படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அந்த ஒழுங்கையில் உள்ள வீடுகள்தான் அடங்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது நிற்காது. உங்கள் ஊரில் பிணம் மண்ணுக்குள் போகும்வரை ஒருவரும் கடலுக்கு இறங்கமாட்டார்கள் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். தூதுக்குழுத் தலைவிக்கு அது தெரியாது. வெளிநாட்டில் இருந்து வந்த, நல்ல மனம் கொண்ட மனுசி. இத்தனை பேர் எங்களுக்காக வந்திருக்கிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லும். செத்த வீடு முடியட்டும்" என்றீர். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் உண்மையாகவே வருந்தினார். வருந்திவிட்டு, மாலையில் தங்களுக்கு விமானம் என்றும், எல்லாரும் இங்கே இருக்கும்போது சற்று நேரம் போதும் என்றும் சொன்னார். கொழும்பில் இருந்து கூட வந்தவர்கள் அதற்குள் வலைவாடிச் சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு விட்டார்கள்.

சனம் வந்து இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்சேபனை உண்டா என்று தலைவி கேட்டார், நான் தமிழில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. பிணம் ஊருக்குள் கிடக்கும்போது சண்டைக்கு நிற்கும் கொழுவல்காரன்கூடச் சத்தம் போடமாட்டான், வந்தவரை எதிர்த்துக் கதைத்தால் அது செத்தவருக்குச் செய்யும் மரியாதைக்கேடு என்று நீர் பிறகு எனக்குச் சொன்னீர். அன்று நீர் பின்வரிசையில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனார்கள். அதைக்கூடத் தலைவி ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

அறிக்கையில் "மக்கள் ஒருமனதாக உடன்பட்டனர்" என்று வந்தது. கோடு பரவைக்கடலின் ஆழத்தோடு நிற்காமல் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரையும் வளைத்துப் பிடித்தது. உம்முடைய அண்ணை தடி நட்டுக் களங்கட்டி என்ற அடைப்பு வலை வைத்திருந்ததும் அதற்குள்தான். அவர் உம்முடைய வாசலில் வந்து நின்று, "நீயும் சேந்து எங்களை வித்துப்போட்டாய்" என்றார். அதற்குப் பிறகு அவர் உம்மோடு கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. நீர் வாளியோடு வந்தால் அவர் தண்ணீர் அள்ளுவதை விட்டுவிட்டுப் போய்விடுவார். என்னிடம் இதைச் சொல்லும்போது மட்டும் உமக்குப் பகிடி வரவில்லை.

அந்தச் சம்மதம் செல்லாது, திரும்ப வந்து கேட்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதத் தொடங்கினீர். அதே மாதங்களில்தான் நோயும் வந்தது. தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், தலையில் துணி சுற்றிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி நீர் சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் அடித்தேன். நடுவில் சத்தி எடுப்பீர். வாயைத் துடைத்துவிட்டு, "எங்கை விட்டனான்?" என்று கேட்பீர். உடம்பைப் பாருங்கள் என்று தலைவி அன்பாக ஒரு பதில் அனுப்பியிருந்தார். நான் வாசித்துக் காட்டியதும் உமக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு உவையின்ரை இரக்கம் வேண்டாம். சனம் தொழிலுக்குப் போய்வந்த நாளிலை வந்து கேக்கட்டும். அதுகள் கத்தவேணும். நீர் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்கவேணும். விட்டீரோ, உம்மைச் சும்மா விடமாட்டன்."

கடைசியில் திரும்ப வந்து கேட்க ஒத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் திகதியைச் சொல்லிக் கடிதம் வந்த அன்று நீர் கட்டிலில் எழும்பி இருந்து, எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டீர். தலையில் துணியோடு சேலை நல்லாயிராது என்று நீரே சொல்லிச் சிரித்தீர். அந்தத் திகதிக்கு முதல்நாள் போய்விட்டீர்.

எனக்கு அழக்கூட நேரமில்லை, உமக்குத் தெரியுமா? தூதுக்குழு யாழ்ப்பாணத்தில் வந்து நின்றது. துக்க மணி அடித்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. மறுபடியும் கரை நிறைய ஆட்கள். தலைவி என்னைப் பார்த்தார். "இன்றைக்கு இல்லை" என்றேன், அவ்வளவுதான். அவர் விமானத்தை மாற்றச் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். உம்முடைய வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில், அடக்கம் முடியும்வரை இருந்தார்.

பெட்டியை மூடும்போது உம்முடைய அண்ணை உம் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆட்கள் பிடித்து இழுத்துத்தான் விலக்கினார்கள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கிணற்றடியில் ஒரு வார்த்தை கதைத்திருக்கலாமே மனுசன்! அந்தக் கோபம் இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.

படகுகள் கடலுக்குப் போய்வந்த பிறகு ஒரு பின்னேரம் கூட்டம் வைத்தோம். அதே வலைவாடி, அதே வரைபடம். தலைவி கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் உம்முடைய அண்ணை எழும்பினார்.

"என்ரை தங்கச்சி எங்களை விக்கேல்லை. முதல் அதை எழுதுங்கோ. பிறகு கோட்டைப் பற்றிக் கதைப்பம்."

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. தலைவி பொறுத்திருந்தார், சனமும் பொறுத்திருந்தது. நான் ஒருவாறு சொல்லி முடித்ததும், அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. ஒரே கத்தல். கதிரை விழுந்தது. பெண்கள் ஆண்களை மிஞ்சிக் கத்தினார்கள். நீர் கேட்டபடியே ஒரு சொல்லும் விடவில்லை. ஒருவர் சொன்ன கெட்ட வார்த்தையைக்கூட ஆங்கிலத்தில் தேடிப் பிடித்துச் சொன்னேன். தலைவி முகம் சிவந்து அதையும் குறித்துக்கொண்டார். பொழுதுபடும் நேரத்தில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். புல் அடர்ந்த ஆழத்தை இழுவைப் படகுகளுக்கு மூடுங்கள், கரையோரத்தை எங்களுக்கு விடுங்கள் என்றார்கள். சில மாதம் கழித்து வந்த புதிய வரைபடத்தில் கோடு அப்படித்தான் இருந்தது.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் வெளியே போய் வாகனத்துக்குள் இருந்தேன். உம்முடைய இருக்கையில் யாரோ கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, அடக்கத்தன்று வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது.

இப்போது எந்தக் கரைக்குப் போனாலும், கதிரையில் இருக்குமுன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இண்டைக்கு ஊரிலை செத்த வீடு ஏதும் இருக்கோ?" என்பதுதான். மயிலிட்டியில் ஒரு மனுசி, "வந்ததும் வராததுமாய் வாயைப் பார்" என்று ஏசினார். கூட வருகிறவர்கள் நெளிகிறார்கள். நல்ல காரியத்துக்குப் போய் இப்படியா கேட்பது என்று மேலிடத்தில் இருந்தும் சொல்லிப் பார்த்தார்கள். நான் விடுவதாக இல்லை.

போன மாதம் திட்டம் கிழக்குப் பக்கம் போனது. வாகரைக்கு அங்கால், வேடர் வழிவந்த கடலோரக் குடும்பங்கள். உண்மையான பூர்வகுடி, உமக்கு அங்கே பகிடி விட இடம் கிடைத்திராது. மரநிழலில் ஒரு பெண் நண்டு வலையைத் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். உம்முடைய வயதுதான் இருக்கும். கும்பிட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவள் ஏசவில்லை. வலையை மடியில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. ஏன், உங்கட ஆக்கள் ஆரும் செத்துப்போனாங்களா?"

ஓம் என்றேன்.