ஒன்பதாம் முகாமுக்கு இருபது நிமிடம்

நாள் 611 · 09:10
செவ்வாய்க் கிரக ரயில்பாதை, கட்டுப்பாட்டு அறை. எழுதுவது செண்பகவல்லி. ஒரு ரயில் தாமதமானால் அது மற்ற ரயில்களுக்கு எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். பதினோரு மாதமாக ஓடுகிறது, ஒருநாள்கூடப் பிசகியதில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். நேற்றைய புழுதிப் புயலில் தண்டவாள உணரிகள் அத்தனையும் குருடாகிவிட்டன. ரயில் எங்கே இருக்கிறது என்று நிலையங்கள் ரேடியோவில் சொன்னால்தான் தெரியும்.

நாள் 611 · 13:40
ஒன்பதாம் முகாமில் காற்று இயந்திரம் நின்றுவிட்டது. பாதையின் கடைசி முகாம் அது. அங்கே இருப்பது ஒரே ஆள், என் தம்பி இசக்கி. இருக்கிற காற்று 17:10 வரைக்கும்தான்.
"எக்கா, பதறாத. மல்லாக்கப் படுத்துக் கெடக்கேன். சிலிண்டர மட்டும் அனுப்பி வையி, போதும்."
நாற்பது வயதாகியும் விளையாட்டுப் பேச்சு போகவில்லை, மூதி.

நாள் 611 · 14:05
காற்று சிலிண்டர்களுடன் சரக்கு ரயில் தயார். ஓட்டுநர் தாவீது அண்ணாச்சி. இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம். சரக்கை முதலில் விட்டால் பதினான்கு ரயில்கள் தாமதமாகும் என்கிறது கணினி மாதிரி. ஏழாம் முகாம்வரை போகும் பயணி ரயிலை முன்னால் விட்டால் ஒன்றும் கெடாது. சரக்கும் 16:55-க்கு இசக்கியிடம் போய்ச் சேரும். பதினைந்து நிமிடம் கையிருப்பு.
பயணி ரயிலை விடச் சொல்லிவிட்டேன்.

நாள் 611 · 15:50
இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் முகாம்களிலிருந்து ஒரே பதில். பயணி ரயில் "சரியான நேரம்". நல்லது.

நாள் 611 · 16:20
தாவீது அண்ணாச்சி: "யம்மா, மறுபடியும் செவப்பு வெளக்கு. முன்னால போறவன் நகரவே மாட்டேங்கான். எந்தச் சரியான நேரத்தச் சொல்லுதிய?"
ஆறாம் முகாமைக் கேட்டேன். அங்கும் சரியான நேரமாம்.

நாள் 611 · 16:31
ஐந்தாம் முகாம் நிலைய அதிகாரி பிலோமினாவை ரேடியோவில் பிடித்து உலுக்கினேன்.
"எங்க எல்லையில நாலு நிமிசந்தானக்கா லேட்டு. அஞ்சுக்குள்ள இருந்தா சரியான நேரம்னுதான சொல்லுவோம். வெளக்கக் கடுதாசி எழுத வேண்டாம்னு நீங்கதான கத்துக்குடுத்திய?"
நான்தான். மூன்றாம் முகாமில் அதிகாரியாக இருந்தபோது நான்தான் ஆரம்பித்து வைத்தேன். ஒவ்வொரு முகாமும் தன் எல்லையில் போன நிமிடத்தை மட்டும் எண்ணும், அதையும் சொல்லாது. இத்தனை மாதம் உணரிகள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. இன்று நாங்கள் மட்டும்தான் பேசினோம். ஐந்து முகாம், ஆளுக்கு நான்கு, மொத்தம் இருபது நிமிடம்.
சரக்கு 17:15-க்குத்தான் போகும்.

நாள் 611 · 16:58
பயணி ரயில் ஏழில் ஒதுங்கிவிட்டது. அண்ணாச்சி முழு வேகத்தில் போகிறார். இசக்கியிடம் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.
"அஞ்சு நிமிசந்தானக்கா? மூச்ச அடக்கிக்கிடுதேன். சின்னப்புள்ளையில கொளத்துல முங்கும்போது நாந்தான செயிப்பேன்? நீ அழாத. உன் மேல தப்பில்ல."
என் மேல்தான் தப்பு. என் மேல் மட்டும்தான்.

நாள் 611 · 17:12
பேசமாட்டேன் என்கிறான். எலே இசக்கி. எலே. ஒரு வார்த்தை பேசுலே

நாள் 611 · 17:15
தாவீது அண்ணாச்சி: "வந்துட்டேம்மா. கதவத் தொறக்கேன்."

நாள் 611 · 17:21
"யம்மா... லேட்டாயிட்டும்மா."

நாள் 611 · 18:00
இதைக் கண்டெடுப்பவர் யாராயிருந்தாலும், ஒரு நிமிடத் தாமதமானாலும் எழுதிவிடுங்கள். கணினி மாதிரி அச்சடித்துத் தந்த இன்றைய அறிக்கையை அப்படியே ஒட்டுகிறேன். அதை உருவாக்கியபோது நான் எழுதிவைத்த வாக்கியங்கள்தான்.

ஒன்பதாம் முகாம்: தாமதம் 20 நிமிடம். அங்கே காத்திருப்பவர் எவரும் இல்லை. தாமதம் மேற்கொண்டு பரவவில்லை. பாதை முழுவதும் இயல்பு நிலை.