மணல் திட்டின் மேல் ஒரு கிடங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. காலையில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், நாலு வரிக்கு ஒருதரம் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். மேற்கே கறுத்துக்கொண்டு நிற்கிறது.

விஷயம் நம் புதுப் பருப்புக் கிடங்குதான். போன வாரம் பெய்தது பெரிய மழைகூட இல்லை. அதற்கே மேட்டுத் தண்ணீர் முழுவதும் கிடங்குச் சுவரை ஒட்டி ஓடி, கீழ்த்தெருவில் உன் சித்தி வீட்டுக்குள் புகுந்துவிட்டது. தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது, வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணியெல்லாம் சேறு. நான் ஓடிப்போய் நின்றால், கையில் இருந்த துடைப்பத்தைக்கூட நிறுத்தாமல், உன் மூட்டை நனையலைல்ல அக்கா, அப்ப போய் வியாபாரத்தைப் பாரு என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எத்தனை எடத்துல தண்ணி ஊத்திப் பாத்தீங்கம்மா என்று கிடங்கு கட்டும் முன்பே நீ போனில் கேட்டாய். மண்ணைப் பற்றிப் படிக்கப் போனதும் அம்மாவுக்கே பாடமா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரே இடத்தில்தான் ஊற்றிப் பார்த்தோம். ஒரு குடம் தண்ணீரைத் தடம் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டது. ஈரம் தங்காத மணல், பருப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அந்தத் திட்டு முழுவதும் காங்கிரீட் போடச் சொன்னேன். மற்ற பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று முற்றமாக விட்டேன். மேலாக நல்ல பருப்பும் அடியில் உடைசலுமாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்தவள் நான். மேலே, நடுவே, அடியில் என்று ஊசி குத்திச் சரக்கை எடுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டைக்கும் விலை பேசியதில்லை. நிலத்தை மட்டும் வாயைப் பார்த்தே எடைபோட்டுவிட்டேன்.

நேற்று அடி வெட்டிய டப்பாக்களை இடம் இடமாக மண்ணில் அழுத்தித் தண்ணீர் ஊற்றினேன். கிடங்கின் ஓரத்து மணலில் நான் நிமிர்வதற்குள் டப்பா காலி. முற்றத்தில் ஊற்றியது மத்தியானம் வரை அப்படியே நின்றது. தோண்டினால் மேலே விரற்கடை செம்மண், அதற்குக் கீழே பிசுபிசுவென்று களிமண். மேட்டிலிருந்து வருவதைக் குடித்துக்கொண்டிருந்தது அந்த மணல் திட்டு ஒன்றுதான், அதன் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

கீழ்ப்பக்கம் ஒரு சுவர் வெச்சா தண்ணி திரும்பிடும்மா என்றார் மேஸ்திரி. திரும்பி எங்கய்யா போகும் என்றேன். பக்கத்து வீட்டுக்கு என்றார், கூச்சமே இல்லாமல். உன் அப்பாவோ, மழை முடியட்டும் பாத்துக்கலாம் என்கிறார். அவருக்கு எல்லாமே முடிந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

அதனால் இன்று காலை கிடங்கில் மேட்டுப் பக்கத்துப் பாதித் தரையை உடைக்கச் சொல்லிவிட்டேன். போட்ட கையாலயே ஒடைக்கச் சொல்றீங்களே என்று மேஸ்திரிக்கு வருத்தம். போட்ட கைக்குத்தான்யா எங்கே மெலிசுன்னு தெரியும் என்றேன், சிரித்துவிட்டார். மேட்டுத் தண்ணீர் மணலுக்கு வந்து சேரும்படி வாய்க்கால் வெட்டியாகிறது. மூட்டைகள் இனிமேல் முற்றத்துக் களிமண் பக்கம், கூரை இறக்கி, உயரமாகப் பலகை அடித்து அதன் மேல். இடம் பாதியாகிவிடும், ஆகட்டும். ஒன்றுதான் அரிக்கிறது. கட்டும்போது லாரி ஏறி இறங்கி இறுகிப்போன மணல் பழையபடி குடிக்குமா? கடப்பாரையால் ஆழமாகக் கிளறிவிடச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும், இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.

சித்தியிடம் பேசு. நான் சொல்லிப் பேசுவதாகக் காட்டிக்கொள்ளாதே, கண்டுபிடித்துவிடுவாள், இருந்தாலும் பேசு. நீ ஆயுசுக்கும் குறையில்லாமல், நல்ல மனிதர்கள் சூழ வாழ வேண்டும். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போகிறேன். அவள் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பேன், திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன். எப்படியானாலும் தண்ணீர் என்னைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குள் போக வேண்டும்.

உன் அம்மா